பார்த்து வரைவோம்

முதலில் ஒரு சின்ன வேலை

பிள்ளைகளே, இந்தப் பாடத்தைப் படிக்க முன்னர் ஒரு கடதாசியும் பென்சிலும் எடுங்கள். ஒரு நிமிடத்தில் ஒரு பூவை வரையுங்கள். அதிகம் யோசிக்க வேண்டாம். மனதில் வருகிற பூவை வரைந்தால் போதும்.

வரைந்துவிட்டீர்களா? அந்தக் கடதாசியை எறிந்துவிடாதீர்கள். கொப்பிக்குள் பத்திரமாக வையுங்கள். பாடத்தின் முடிவில் அது தேவைப்படும்.

"சும்மா பூ"

பெப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. குரோய்டனில் ஒரு தமிழ் வகுப்பு. அங்கேயும் ஆசிரியை இதே வேலையைத்தான் கொடுத்தார்.

"எல்லாரும் ஒரு பூக் கீறுங்கோ பாப்பம்."

பிள்ளைகள் உடனே பென்சிலை எடுத்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"ஏன் பிள்ளை, நீங்கள் கீறேல்லையோ?"

"எனக்குக் கீற வராது, டீச்சர்."

"பரவாயில்லை. வந்த மாதிரிக் கீறுங்கோ."

ஒரு நிமிடம் முடிந்தது. ஆசிரியை எல்லாப் படங்களையும் மேசையில் பரப்பி வைத்தார். நடுவில் ஒரு வட்டம். சுற்றி ஐந்து உருண்டை இதழ்கள். கீழே ஒரு நேர்கோடு. இரண்டு பக்கமும் ஒவ்வோர் இலை. பன்னிரண்டு பிள்ளைகள் வரைந்த பன்னிரண்டு படங்களும் அண்ணன் தம்பி போல இருந்தன.

"இது என்ன பூ?" என்று ஆசிரியை கேட்டார்.

"பூ, டீச்சர்."

"பூ எண்டு தெரியுது. என்ன பூ?"

வகுப்பு அமைதியானது. பிறகு ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "சும்மா பூ, டீச்சர்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியையும் சிரித்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு சின்னப் பூந்தொட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அதில் ஊதா நிறத்தில் மூன்று பூக்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கிண்ணம் போல இருந்தது.

"இதைக் கண்டிருக்கிறீங்களோ?"

"ஓம் டீச்சர்! பார்க்கில நிறைய நிக்குது."

"எங்கட வீட்டுக்கு முன்னாலயும் நிக்குது. குரோக்கஸ்!"

"சரி. கிட்ட வராமல் சொல்லுங்கோ பாப்பம். இதுக்கு எத்தினை இதழ்?"

"அஞ்சு!" என்று வகுப்பு முழுவதும் சொன்னது.

"இப்ப கிட்ட வந்து எண்ணுங்கோ."

எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து... ஆறு! வெளியே மூன்று இதழ்கள். அவற்றுக்கு உள்ளே இன்னும் மூன்று இதழ்கள். தினமும் பார்த்த பூதான். ஆனால் அன்றுதான் எண்ணினார்கள்.

ஏன் ஐந்து என்று சொன்னார்கள்?

பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. நம் எல்லோருடைய மூளையும் அப்படித்தான் வேலை செய்கிறது.

நீங்கள் பள்ளிக்கூடம் போகும்போது எத்தனை பொருட்களைக் காண்கிறீர்கள்? டிராம், பஸ், கடை, மரம், நாய், பூ. ஒவ்வொன்றையும் நின்று முழுதாகப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிடும். அதனால் மூளை ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கமான குறியை வைத்திருக்கிறது. ஒரு சதுரமும் அதன் மேலே ஒரு முக்கோணமும் என்றால் வீடு. ஒரு வட்டமும் அதைச் சுற்றிக் கோடுகளும் என்றால் சூரியன். ஒரு வட்டமும் அதைச் சுற்றி ஐந்து இதழ்களும் என்றால் பூ.

இந்தக் குறிகள் நல்லவை. அவை எழுத்துகளைப் போன்றவை. பார்த்தவுடன் எல்லோருக்கும் விளங்கும். ஆனால் குரோக்கஸ் பூவை வரைய அந்தக் குறி போதாது.

"எனக்குக் கீற வராது" என்று பலர் சொல்வார்கள். அவர்களுடைய கையில் ஒரு குறையும் இல்லை. அவர்கள் கடதாசியை நிறைய நேரம் பார்க்கிறார்கள். பூவைக் கொஞ்ச நேரம்தான் பார்க்கிறார்கள். அதை மாற்றினால் படமும் மாறும்.

ஊரின் பெயரில் ஒரு பூ

ஆசிரியை ஏன் குரோக்கஸ் பூவைக் கொண்டு வந்தார்? அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

'குரோய்டன்' என்ற பெயர் பழைய ஆங்கில மொழியில் இருந்து வந்தது. அதில் இரண்டு சொற்கள் சேர்ந்திருக்கின்றன என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 'குரோ' என்றால் குரோக்கஸ் அல்லது குங்குமப்பூ. 'டெனு' என்றால் பள்ளத்தாக்கு. ஆகவே குரோய்டன் என்றால் 'குங்குமப்பூப் பள்ளத்தாக்கு'. இன்று உயரமான கட்டடங்களும் டிராம் பாதைகளும் உள்ள ஊருக்கு ஒரு பூவின் பெயர்!

நம் ஊர்களிலும் இப்படி உண்டு. முல்லைத்தீவின் பெயரில் முல்லை இருக்கிறது. புளியங்குளத்தின் பெயரில் புளி இருக்கிறது.

குங்குமப்பூவை நீங்கள் வீட்டில் பார்த்திருக்கலாம். பாயசத்திலும் பாலிலும் போடுவார்கள். அதுவும் ஒரு வகைக் குரோக்கஸ் செடியில் இருந்துதான் வருகிறது. பூவின் நடுவே உள்ள மூன்று சிவப்பு நார்களைக் காய வைத்து எடுப்பார்கள். அந்தச் செடி இலையுதிர் காலத்தில் பூக்கும். பூங்காவில் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பூப்பது வேறு வகை. அதைப் பார்க்கலாம், வரையலாம். ஆனால் சாப்பிடக் கூடாது!

குரோய்டனில் பூக்களை வரைந்த சிறுமி

இந்த ஊரில் பூக்களை மிகவும் கவனமாகப் பார்த்து வரைந்த ஒருவர் இருந்தார். அவருடைய பெயர் சிசிலி மேரி பார்க்கர். அவர் 1895ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் திகதி குரோய்டனில் பிறந்தார்.

சிறு வயதில் சிசிலிக்கு வலிப்பு நோய் இருந்தது. அதனால் மற்றப் பிள்ளைகளைப் போல அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. வீட்டுக்கு வந்த ஓர் ஆசிரியையிடம் படித்தார். விளையாடப் போக முடியாத நாட்களில் படம் வரைந்தார்.

சிசிலியின் அப்பா விதைகள் விற்கும் நிறுவனம் ஒன்றில் பங்காளி. அவரும் படம் வரைவார். மகளுடைய ஆர்வத்தைக் கண்டு, தபால் மூலம் ஓவியம் கற்பிக்கும் ஒரு வகுப்பில் அவரைச் சேர்த்தார். இன்று நீங்கள் கணினியில் வகுப்புக்குப் போகிறீர்கள் அல்லவா? அன்று பாடம் தபாலில் வந்தது. 13 வயதில் சிசிலி குரோய்டன் ஓவியப் பள்ளியின் மாலை வகுப்புகளுக்கும் போகத் தொடங்கினார். 1911இல் ஒரு நிறுவனம் அவருடைய நான்கு படங்களை வாங்கித் தபாலட்டைகளாக அச்சிட்டது.

அடுத்த ஆண்டு, 1912இல், அப்பா இறந்துவிட்டார். சிசிலிக்கு அப்போது 17 வயதுகூட நிறையவில்லை, அல்லது அப்போதுதான் நிறைந்தது. குடும்பத்தில் பணக் கஷ்டம் வந்தது. அக்கா டொரதி சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். சிசிலி படங்களும் பாடல்களும் விற்றுக் குடும்பத்துக்கு உதவினார்.

1923இல் அவருடைய முதல் பூத்தேவதைப் புத்தகம் வெளிவந்தது. அதில் வசந்த காலத்துப் பூக்கள் இருந்தன. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு குட்டித் தேவதை, ஒரு படம், ஒரு பாடல். மொத்தம் 24 படங்கள், 24 பாடல்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்த பணம் 25 பவுண். ஒரு படத்துக்கும் பாடலுக்கும் ஏறக்குறைய ஒரு பவுண்தான்! ஆனாலும் அவர் தொடர்ந்து வரைந்தார். கோடை காலம், இலையுதிர் காலம் என்று இன்னும் புத்தகங்கள் வந்தன. அவர் 1973ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் காலமானார். அவருடைய புத்தகங்களைப் பிள்ளைகள் இன்றும் வாசிக்கிறார்கள்.

அவர் எப்படி வரைந்தார்?

தேவதைகளை யாராவது நேரில் பார்த்ததுண்டா? சிசிலியும் பார்த்ததில்லை. தன் புத்தகம் ஒன்றின் முன்னுரையில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். செடிகளையும் பூக்களையும் உண்மையானவற்றைப் பார்த்துத்தான் வரைந்தேன் என்றும், தேவதையை மட்டும் தான் ஒருபோதும் கண்டதில்லை என்றும் எழுதினார்.

அவர் வேலை செய்த விதத்தைப் பாருங்கள்.

1. அக்காவின் வகுப்பில் படித்த பிள்ளைகளைத் தன் முன் நிற்க வைத்து வரைந்தார். ஆகவே தேவதைகளின் முகங்கள் உண்மையான குரோய்டன் பிள்ளைகளின் முகங்கள்.

2. அந்தப் பிள்ளையின் கையில் உண்மையான பூவைக் கொடுத்தார். பூவின் வடிவம் பிழைத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

3. தேவதையின் உடுப்பைத் துணியில் தைத்தார். குச்சிகளிலும் மெல்லிய துணியிலும் சிறகுகள் செய்தார். படம் முடிந்ததும் உடுப்பைப் பிரித்து, அதே துணியில் அடுத்த உடுப்பைத் தைத்தார்.

4. ஒரு பூ பக்கத்தில் கிடைக்காவிட்டால், இலண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவில் வேலை செய்தவர்களிடம் உதவி கேட்டார். அவர்கள் உண்மையான செடியைக் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

5. வெளியே போகும்போது ஒரு வரைதல் கொப்பியைத் தன்னோடு கொண்டு போனார்.

கற்பனைப் படத்துக்கே அவர் இவ்வளவு பார்த்தார்! அதனால்தான் அந்தப் பூக்களை இன்றும் நாம் பெயர் சொல்லி அடையாளம் காண முடிகிறது. அவர் ஒரு 'சும்மா பூ'வைக்கூட வரையவில்லை.

செய்து பார்ப்போம்

இப்போது உங்கள் முறை.

*தேவையானவை:* உண்மையான ஒரு பூ, பென்சில், வெள்ளைக் கடதாசி, நீர்வண்ணம், தடித்த தூரிகை ஒன்று, மெல்லிய தூரிகை ஒன்று, இரண்டு கோப்பைகளில் தண்ணீர், ஒரு பழைய துணி.

பூங்காவில் உள்ள பூக்களைப் பறிக்காதீர்கள். அங்கேயே இருந்து வரையுங்கள். அல்லது வீட்டில் உள்ள தொட்டிப் பூவை எடுங்கள்.

*வேலை 1: கண் நடக்கட்டும்*

பூவின் ஓர் ஓரத்தில் ஓர் எறும்பு நடக்கிறது என்று நினையுங்கள். உங்கள் கண் அந்த எறும்பின் பின்னால் மெதுவாகப் போக வேண்டும். எறும்பு மேலே ஏறினால் பென்சிலும் மேலே ஏறும். எறும்பு வளைந்தால் பென்சிலும் வளையும். கடதாசியைப் பார்க்கக் கூடாது! அழிறப்பரும் வேண்டாம்.

நம் தமிழ் வகுப்பில் இதைச் செய்தபோது ஒரே சிரிப்பு. 'எனக்குக் கீற வராது' என்று சொன்ன பிள்ளையின் படத்தில் இலை ஒரு பக்கம், பூ ஒரு பக்கம் ஓடியிருந்தது. அவளும் சிரித்தாள். ஆனால் ஆசிரியை ஓர் இதழின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இஞ்ச பாருங்கோ. இந்த நுனி கொஞ்சம் மடிஞ்சிருக்கு. பூவிலயும் அப்பிடித்தான் இருக்கு. இதை நீங்கள் பாத்துக் கீறினனீங்கள்."

அவள் பூவைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். உண்மைதான். அது அந்தத் தொட்டியில் இருந்த அந்த ஒரு பூவின் இதழ்.

*வேலை 2: எண்ணுங்கள், எழுதுங்கள்*

படத்துக்குப் பக்கத்தில் சின்னக் குறிப்புகள் எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகள் எழுதிய குறிப்புகள் இவை:

- இதழ்கள் ஆறு. வெளியே மூன்று, உள்ளே மூன்று.
- மஞ்சள் மகரந்தத் தாள்கள் மூன்று.
- நடுவில் செம்மஞ்சள் நிற நார்.
- இலை புல்லைப் போல மெல்லியது. அதன் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு.
- வெயில் பட்டால் பூ விரிகிறது. குளிர்ந்தால் மூடிக்கொள்கிறது.

இன்னும் ஒரு புதினம் உண்டு. பூவுக்குக் கீழே காம்பு போலத் தெரிவது பூவின் நீண்ட குழல். அது மண்ணுக்குள்ளே இருக்கும் சின்னக் கிழங்கில் இருந்து நேராக மேலே வருகிறது.

*வேலை 3: இடைவெளியை வரையுங்கள்*

பூவையும் இலையையும் விட்டுவிடுங்கள். அவற்றுக்கு நடுவே உள்ள வெறும் இடத்தைப் பாருங்கள். இரண்டு இலைகளுக்கு நடுவே உள்ள இடம் எப்படி இருக்கிறது? நீண்ட முக்கோணமா? மீனின் வடிவமா? அந்த இடத்தை மட்டும் வரைந்து கறுப்பாக நிரப்புங்கள். எல்லா இடைவெளிகளையும் நிரப்பி முடித்ததும், நடுவே வெள்ளையாகச் செடி தெரியும்! மூளையிடம் பூவுக்குக் குறி இருக்கிறது, இலைக்குக் குறி இருக்கிறது. வெறும் இடத்துக்குக் குறி இல்லை. அதனால் கண் உண்மையாகவே பார்க்கத் தொடங்குகிறது.

*வேலை 4: ஊதா நிறம் செய்வோம்*

நீலமும் சிவப்பும் சேர்ந்தால் ஊதா வரும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் சில நேரம் சேற்று நிறம் வந்துவிடும். ஏன்? சில சிவப்பு நிறங்களில் கொஞ்சம் மஞ்சள் கலந்திருக்கும். தக்காளி நிறச் சிவப்பு அப்படிப்பட்டது. மஞ்சள் சேர்ந்தால் ஊதா மங்கிவிடும். பீற்றூட் சாறு போன்ற, ரோஸ் நிறத்துக்குக் கிட்டிய சிவப்பை எடுங்கள். முதலில் ஒரு துண்டுக் கடதாசியில் கலந்து பாருங்கள்.

நீர்வண்ணத்தில் வெள்ளை நிறம் கடதாசியின் நிறம்தான். அதனால் வெளிச்சம் படுகிற இடத்தை வெறுமையாக விடுங்கள். முதலில் இளம் நிறம், பிறகு கடும் நிறம். கடும் நிறத்தின் மேல் இளம் நிறத்தைப் பூசினால் அது தெரியாது.

இப்படிச் செய்யுங்கள்:

1. ஓர் இதழை மட்டும் வெறும் தண்ணீரால் நனையுங்கள்.
2. இதழின் அடியில் ஊதா நிறத்தைத் தொட்டு வையுங்கள். நிறம் தானாகவே மேலே பரவும். அவசரப்பட்டுத் தேய்க்காதீர்கள்.
3. அது நன்றாகக் காயட்டும். பிறகு பக்கத்து இதழுக்குப் போங்கள். காய முன்னர் போனால் இரண்டு இதழ்களும் கலந்து ஒன்றாகிவிடும்.
4. எல்லாம் காய்ந்த பிறகு, மெல்லிய தூரிகையால் இதழில் உள்ள கோடுகளைப் போடுங்கள்.

*வேலை 5: உங்கள் பூவின் தேவதை*

சிசிலி செய்தது போலச் செய்வோம். உங்கள் பூவையும் உங்கள் குறிப்புகளையும் பாருங்கள். பூவைத் தலைகீழாகப் பிடித்தால் தொப்பி போல இருக்கிறதா, பாவாடை போல இருக்கிறதா? இலை எதற்கு உதவும்? இடுப்புப் பட்டிக்கா, சால்வைக்கா? உங்கள் தம்பியையோ தோழியையோ நிற்க வைத்து வரையுங்கள். ஒரு விதி உண்டு: படத்தைப் பார்க்கிறவர் அது எந்தப் பூவின் தேவதை என்று கண்டுபிடிக்க வேண்டும்!

அம்மம்மா எண்ணிய பூ

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. 'எனக்குக் கீற வராது' என்று சொன்ன பிள்ளை யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோடு தொலைபேசியில் பேசினாள். குரோய்டனில் காலை 10 மணி. யாழ்ப்பாணத்தில் பிற்பகல் 3.30 மணி.

"அம்மம்மா, செவ்வரத்தம்பூவுக்கு எத்தினை இதழ்?"

"இதென்ன கேள்வி, குஞ்சு? செவ்வரத்தைக்கு... அஞ்சோ, ஆறோ... பொறு பிள்ளை. வேலியடிக்குப் போய்ப் பாத்துச் சொல்லுறன்."

அம்மம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு காகம் கரைந்தது.

"அஞ்சு இதழ். ஒண்டுக்கு மேல ஒண்டு சாஞ்சு கிடக்கு, காத்தாடி மாதிரி."

"நடுவில நீட்டா ஒரு தண்டு இருக்குமே. அதின்ர நுனியில என்ன இருக்கு, அம்மம்மா?"

"பொறு, கண்ணாடியைப் போடுறன்... நுனியில சின்னச் சின்ன உருண்டை. ஒண்டு, ரெண்டு, மூண்டு... அட, அதுவும் அஞ்சு! அதுக்குக் கீழ மஞ்சள் தூள்."

கொஞ்ச நேரம் அம்மம்மா பேசவில்லை. பிறகு சொன்னார்:

"அறுவது வருசமா இந்தப் பூவைச் சாமிக்குப் பிடுங்கிறன். இண்டைக்குத்தான் எண்ணிப் பாத்தனான், பிள்ளை."

பிறகு அம்மம்மா கேட்டார்: "அது சரி, உங்கட ஊரில இப்ப என்ன பூ நிக்குது?"

"குரோக்கஸ், அம்மம்மா. அது பர்ப்பிள்..."

"பர்ப்பிளோ? அது என்ன நிறம்?"

அவள் யோசித்தாள். "கத்தரிக்காய் மாதிரி."

"ஓ, ஊதா! கத்தரிப்பூ நிறம் எண்டு சொல்லு."

"ஓம், கத்தரிப்பூ நிறம். ஆறு இதழ். மூண்டு வெளியில, மூண்டு உள்ளுக்க. நடுவில செம்மஞ்சளா ஒரு நார். வெயில் வந்தால் திறக்கும். குளிர் எண்டால் மூடிக்கொள்ளும்."

"உனக்கு இவ்வளவு தமிழ் தெரியுமோ!" என்று அம்மம்மா சிரித்தார். "நான் ஒருநாளும் காணாத பூ. இப்ப கண்ட மாதிரி இருக்கு."

அன்று அவள் வேறு நாட்களைவிட அதிகமாகத் தமிழ் பேசினாள். சொல்ல வேண்டிய விடயம் அவளிடம் இருந்தது. பார்த்ததால் அது வந்தது. 'பூ' என்ற ஒரு சொல் போதாது என்றபோது இதழ், குழல், நார், மகரந்தம் என்று சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன.

நம் முன்னோர்களும் இப்படித்தான் பார்த்தார்கள். சங்க காலப் புலவர் கபிலர் 'குறிஞ்சிப்பாட்டு' என்ற நூலைப் பாடினார். அதில் 99 பூக்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார். ஒவ்வொரு பூவையும் வேறாகப் பார்த்தால்தானே ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர் சொல்ல முடியும்?

கடைசியாக

இப்போது கொப்பிக்குள் வைத்த கடதாசியை எடுங்கள். பாடத்தின் தொடக்கத்தில் நீங்கள் வரைந்த பூவைப் பாருங்கள். அதன் பக்கத்தில் இன்று பார்த்து வரைந்த பூவை வையுங்கள். இரண்டிலும் திகதியை எழுதுங்கள். முதல் படத்தை அழிக்க வேண்டாம். அதுவும் உங்களுடையதுதான்.

யாராவது "இது என்ன பூ?" என்று கேட்டால், இரண்டாவது படத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லுங்கள்.

சொற்களை அறிவோம்

இதழ் – பூவின் நிறமான, மெல்லிய பகுதி
மகரந்தத் தாள் – பூவின் உள்ளே மகரந்தத் தூளைத் தாங்கும் மெல்லிய தண்டு
காம்பு – பூவையும் இலையையும் செடியோடு சேர்க்கும் பகுதி
பள்ளத்தாக்கு – மேடான இரண்டு நிலங்களுக்கு நடுவே உள்ள தாழ்ந்த இடம்
தூரிகை – நிறம் பூசப் பயன்படும் பொருள்
முன்னுரை – புத்தகத்தின் தொடக்கத்தில் எழுத்தாளர் எழுதும் பகுதி
புதினம் – புதுமையான விடயம்
செவ்வரத்தை – சிவப்புப் பூப் பூக்கும் ஒரு செடி. தமிழ்நாட்டில் இதைச் செம்பருத்தி என்பார்கள்.

பேச்சும் எழுத்தும்

வீட்டில் நாம் பேசும்போது ஒரு விதமாகச் சொல்கிறோம். எழுதும்போது வேறு விதமாக எழுதுகிறோம். இரண்டும் தமிழ்தான்.

கீறுங்கோ – வரையுங்கள்
எத்தினை – எத்தனை
அஞ்சு – ஐந்து
ஒண்டு, மூண்டு – ஒன்று, மூன்று
இஞ்ச – இங்கே
இண்டைக்கு – இன்றைக்கு
பாத்தனான் – பார்த்தேன்
உங்கட – உங்களுடைய

பயிற்சிகள்

*அ. விடை எழுதுங்கள்.*

1. குரோய்டன் என்ற பெயருக்கு என்ன பொருள் சொல்கிறார்கள்?
2. சிசிலி ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை?
3. அவருடைய முதல் பூத்தேவதைப் புத்தகம் எந்த ஆண்டு வெளிவந்தது?
4. நீர்வண்ணத்தில் ஏன் இளம் நிறத்தை முதலில் பூச வேண்டும்?
5. செவ்வரத்தம்பூவில் அம்மம்மா எவற்றை எண்ணினார்?

*ஆ. எழுத்துத் தமிழில் மாற்றி எழுதுங்கள்.*

1. "இதுக்கு எத்தினை இதழ்?"
2. "இண்டைக்குத்தான் எண்ணிப் பாத்தனான்."
3. "உங்கட ஊரில இப்ப என்ன பூ நிக்குது?"

*இ. பேசுவோம்.*

உங்கள் அம்மம்மா, அப்பம்மா, தாத்தா அல்லது வேறு பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள்: "நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டு முற்றத்தில் என்ன பூக்கள் இருந்தன?" ஒரு பூவைத் தெரிவு செய்து, அதன் இதழ், நிறம், மணம் பற்றி விபரமாகக் கேளுங்கள். அவர்கள் சொல்வதை வைத்து அந்தப் பூவை வரையுங்கள். பிறகு படத்தை அவர்களுக்குக் காட்டி, எது சரி, எது பிழை என்று கேளுங்கள்.

*ஈ. எழுதுவோம்.*

இன்று நீங்கள் வரைந்த பூவைப் பற்றி ஆறு வசனங்கள் எழுதுங்கள். பூவின் பெயரை மட்டும் எழுத வேண்டாம். அதை வகுப்பில் வாசியுங்கள். உங்கள் நண்பர்கள் அது என்ன பூ என்று கண்டுபிடிக்கட்டும்.